வரிசையில் நின்ற கப்பல்

சாவியோவுக்குக் கதை பிடிக்காது. சினிமாவுக்குப் போனால்கூட முதல் சண்டை முடிந்ததும் தூங்கிவிடுவார். ராயபுரத்தில் பிறந்து, பத்தொன்பது வருடம் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவர். எண்ணூரிலிருந்து துறைமுகத்துக்கு ஒரு பெட்டி, துறைமுகத்திலிருந்து மணலிக்கு ஒரு பெட்டி. அந்தப் பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் அவர் கேட்டதில்லை.

நாற்பத்தாறாம் வயதில் ரத்த அழுத்தம் அவருடைய இரண்டு சிறுநீரகங்களையும் கெடுத்தது. கால் வீங்கியது, மூச்சு வாங்கியது, ஒரு நாள் வண்டியிலிருந்து இறங்க முடியாமல் கிளீனர் கைத்தாங்கலாக இறக்கினான். அத்துடன் வண்டி ஓட்டுவது நின்றுபோனது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் காலை ஏழு மணிக்குத் திருவொற்றியூரில் இருந்த தருமச் சிகிச்சை மையம் ஒன்றுக்குப் போக ஆரம்பித்தார். இடது கையில் இரண்டு ஊசி. ஒன்று வழியாக ரத்தம் வெளியே போகும், இயந்திரத்தில் சுத்தமாகி மற்றொன்று வழியாக உள்ளே வரும். நான்கு மணி நேரம் அசையக் கூடாது.

முதல் மூன்று மாதம் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அங்கே மொத்தம் ஆறு கட்டில்கள். பீம்ராவ் என்ற டெக்னீஷியன் கட்டிலுக்குக் கட்டில் போய் ரத்த அழுத்தம் பார்ப்பார். யாரும் காதில் எதையும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது பீம்ராவின் சட்டம். ஒருமுறை ஒரு நோயாளிக்கு அழுத்தம் சட்டென்று இறங்கிவிட, காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் அவர் கூப்பிட்டது அந்த ஆளுக்குக் கேட்கவில்லையாம்.

நான்காம் மாதம் பக்கத்துக் கட்டிலுக்கு உஸ்மா வந்தாள். பழைய வண்ணாரப்பேட்டைக்காரி, முப்பது வயது. ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தவள். ஊசி போட்டு முடிந்ததும் போனைத் தலையணையில் சாய்த்து வைத்து, சத்தத்தைக் கொஞ்சமாக வைத்து, ஏதோ கேட்க ஆரம்பிப்பாள். ஒரு பெண்குரல் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருக்கும். முதல் நாள் சாவியோ பொறுத்துக்கொண்டார். இரண்டாம் நாள் பீம்ராவைக் கூப்பிட்டார்.

"இன்னா நைனா இது? காலங்காத்தால காதுகிட்ட லொடலொடன்னு பேசிகினே கீது. மனுசன் தூங்கவாணாமா?"

பீம்ராவ் சொல்ல, உஸ்மா மறுபேச்சு பேசாமல் சத்தத்தைக் குறைத்தாள். அது இன்னும் மோசமாகிவிட்டது. முன்பு முழுதாகக் கேட்டது இப்போது பாதிதான் கேட்டது. 'வரிசையில் இருநூற்றுப் பதினான்காவது இடம்' என்று ஒரு துண்டு வந்து விழும், பிறகு வெறும் முணுமுணுப்பு. 'பதினோரு வருடமாகியும் அனுமதி' என்று இன்னொரு துண்டு. எதற்கு அனுமதி, யாருக்கு என்று தெரியாது. சாவியோ தூங்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. ஒன்றரை மணி நேரம் அப்படிக் கிடந்துவிட்டு, கூரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"இன்னாத்துக்கு வரிசைல நிக்கிறாங்க?"

உஸ்மா திரும்பிப் பார்த்தாள். "கப்பல்ணே. விண்வெளியில போற சரக்குக் கப்பல். ஒரு கிரகத்துல தண்ணி இல்ல. அதுக்கு ஐஸ் ஏத்திக்கிட்டு வந்திருக்காங்க. அங்க ஒரே ஒரு துறைதான். அதான் வெளியில வரிசை."

"பதினோரு வருசமா?"

"ஆமா. வரிசையிலேயே குழந்தை எல்லாம் பொறந்திருக்கு."

ஒரு மழைக்காலத்தில் துறைமுகத்துக்குள் நுழையச் சாவியோ மூன்று நாள் சாலையிலேயே நின்றிருக்கிறார். வண்டிக்கு அடியில் அடுப்பு மூட்டிச் சமைத்து, டயர் ஓரத்தில் படுத்து, குளிக்கக்கூட இடமில்லாமல், முன்னால் நிற்கும் வண்டியின் பின்பக்க எழுத்துகளை மனப்பாடமாகும்வரை பார்த்துக்கொண்டு. அந்த மூன்று நாளைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது? நின்றோம், அவ்வளவுதான்.

"கொஞ்சம் சவுண்டா வையி," என்றார்.

அன்றிலிருந்து இருவரும் சேர்ந்து கேட்டார்கள். ஒரு நாளைக்கு மூன்று பாகம், சில நாள் நான்கு. சாவியோ ரசித்துக் கேட்டார் என்று சொல்ல முடியாது. சண்டை போட்டுக்கொண்டே கேட்டார். ஐஸ் பாளங்களைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள் என்று கதையில் வந்தபோது நிறுத்தச் சொன்னார்.

"சங்கிலி போட்டா ஆச்சா? நாலு மூலைக்கும் லாக் போடாம எவனாச்சும் வண்டி எடுப்பானா? ஒரு திருப்பத்துல அல்லாம் பூடும். இத்த எழுதினவன் லோடு வண்டி பக்கமே போனதில்ல."

"எழுதினது ஒரு பொண்ணுண்ணே."

"யாரா வேணா இருக்கட்டும். தப்பு தப்புதான்."

ஆனால் தண்ணீர் விஷயத்தில் அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. கப்பலில் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு குவளைதான். வயிறு நிறைய ஐஸ் ஏற்றிக்கொண்டு நிற்கும் கப்பலில், சரக்கிலிருந்து ஒரு சொட்டு எடுக்கக் கூடாது என்பது விதி. சாவியோவுக்கும் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் என்று டாக்டர் அளந்து கொடுத்திருந்தார். சாம்பார், டீ எல்லாம் அதில் அடக்கம். வீட்டில் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். கதையில் தாகம் வரும் இடங்களில் இரண்டு கட்டில்களிலும் பேச்சு இருக்காது.

வீட்டில் சாப்பிடும்போது மனைவி கிறிஸ்டினாவிடம் ஒரு நாள் சொன்னார், "அந்தக் கேப்டன் பொம்பள பாவம். ஆளுங்களயும் வுட்ர முடியல, சரக்கயும் வுட்ர முடியல."

"எந்தக் கேப்டன்?"

"கப்பல் கேப்டன். மேல நிக்கிது இல்ல." அவர் கையால் கூரையைக் காட்டினார்.

மறுநாள் கிறிஸ்டினா சிகிச்சை மையத்துக்கு அவருடன் வந்தாள். பீம்ராவைத் தனியாக அழைத்துப்போய், ரத்தத்தில் அழுக்கு அதிகமானால் மூளைக்கும் ஏறுமா என்று கேட்டாள். பீம்ராவ் சிரித்துவிட்டு, பக்கத்துக் கட்டிலைக் காட்டி விஷயத்தைச் சொன்னார். கிறிஸ்டினாவுக்கு நிம்மதிதான். இருந்தாலும் வயது வந்த மனிதர் கதை கேட்பது அவளுக்குப் புரியவில்லை.

நாற்பத்தோராம் பாகத்தில் முத்தன் என்ற கப்பல் ஊழியன், காய்ச்சலில் கிடக்கும் மகளுக்காகச் சரக்கிலிருந்து விரல் நீளம் ஐஸ் உடைத்தான். கேப்டன் அதைப் பார்த்துவிட்டாள். சரக்கில் கை வைத்தவனைக் கப்பலைவிட்டு வெளியே தள்ள வேண்டும் என்பது சட்டம். வெளியே என்றால் வெற்று வெளி. அந்த இடத்தில் பாகம் முடிந்தது. சரியாக அதே நேரம் உஸ்மாவின் இயந்திரமும் நான்கு மணி நேரம் முடிந்தது என்று ஒலி எழுப்பியது.

"சனிக்கிழமை பாக்கலாம்ணே," என்றாள்.

சனிக்கிழமை அந்தக் கட்டிலில் தொண்டையார்பேட்டைப் பெரியவர் ஒருவர் படுத்திருந்தார். அந்த அறையில் ஒரு கட்டிலில் ஆள் மாறினால் அதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். சாவியோ பீம்ராவின் முகத்தைப் பார்த்தார்.

"ஐய, அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாத்த," என்றார் பீம்ராவ். "அந்தப் பொண்ணுக்கு கிட்னி மாத்துறாங்க. தம்பி ஜுபைர் குடுக்கிறான். திடீர்னு தேதி கெடச்சி நேத்தே அட்மிட் ஆயிட்டாங்க. இனிமே இங்க வராது."

சாவியோவுக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையான சந்தோஷம்தான். கிறிஸ்டினாவுக்குச் சர்க்கரை இருந்ததால் அவளால் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சிறுநீரகத்துக்குக் காத்திருப்போரின் அரசுப் பட்டியலில் அவர் பெயர் எங்கேயோ கீழே இருந்தது. ஆகவே ஒருவருக்குக் கிடைப்பது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஊசி ஏறி அரை மணி நேரம் ஆனதும் முத்தன் நினைவுக்கு வந்தான். கதையின் பெயரைக்கூட அவர் ஒருநாளும் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.

அன்று மாலை கிறிஸ்டினாவிடம் போனைக் கொடுத்தார். "அந்தக் கப்பல் கதைய தேடிக் குடு."

அவள் போனை வாயருகே வைத்து, "வரிசைல நிக்கிற கப்பல் கதை," என்றாள். துறைமுகச் செய்திகள் வந்தன. "ஐஸ் கப்பல்," என்றாள். காசிமேட்டில் மீனுக்கு ஐஸ் போடும் வீடியோ வந்தது. "வானத்து கப்பல்," என்றாள். ஒரு ஜோசியர் வந்தார். கடைசியில் அவளுக்கும் ரோஷம் வந்து, விண்வெளிக் கதைகள் என்று ஒரு பெரிய தொகுப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். "இதுல எங்கனா இருக்கும். நீயே கேட்டுப் பாரு."

அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். கட்டிலில் கிடந்தபோது, பேருந்தில், வாசல்படியில் உட்கார்ந்து. முதல் ஐந்து நிமிடத்தில் வரிசையோ ஐஸோ வரவில்லை என்றால் அடுத்ததற்குப் போய்விடுவார். கனவுகளை வாடகைக்கு விடும் கடை ஒன்று வந்தது, தள்ளிவிட்டார். மலையை முதுகில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடக்கும் பூதம் வந்தது. அதைத் தள்ளப் போனவர், அந்த மலையை அது எங்கேதான் இறக்கி வைக்கும் என்று தெரிந்துகொள்வதற்காகக் கொஞ்சம் கேட்டார். அது இறக்கி வைக்க ஒன்பது பாகம் ஆயிற்று.

அதற்குப் பிறகு செவ்வாய்க் கிரகத்துச் செங்கல் சூளை. அங்கே வேலை செய்யும் ஒரு பெண், தான் அறுத்த செங்கற்களில் ஒவ்வொன்றிலும் பூமியில் விட்டு வந்த ஒரு தெருவின் பெயரை எழுதி வைப்பாள். ஒரு வியாழக்கிழமை காலை அதைக் கேட்டுக்கொண்டே பேருந்தில் போன சாவியோ நிமிர்ந்து பார்த்தபோது, பேருந்து திருவொற்றியூரைத் தாண்டி எர்ணாவூரில் நின்றுகொண்டிருந்தது. இறங்கிச் சாலையோரம் நின்றார். டிரெய்லர்கள் ஒன்றன் பின் ஒன்றாக எண்ணூர்ப் பக்கம் போயின. இதே சாலையில் பத்தொன்பது வருடம், தூக்கக் கலக்கத்திலும் காய்ச்சலிலும், ஒரு திருப்பத்தைக்கூடத் தவறவிடாதவர் அவர். வெட்கமாக இருந்தது. ஷேர் ஆட்டோவில் ஏறியதும் விட்ட இடத்திலிருந்து மறுபடி கேட்க ஆரம்பித்தார்.

பீம்ராவ் அரை மணி நேரத் தாமதத்துக்கு நன்றாகத் திட்டினார். சாவியோ தலையைக் குனிந்துகொண்டார். தான் கப்பலைத் தேடுவதை நிறுத்திப் பல வாரங்களாகிவிட்டன என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

உஸ்மா போய் ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த நேரத்தில் போன் அடித்தது.

"அண்ணே, உஸ்மா பேசறேன். பீம்ராவ் சார் நம்பர் குடுத்தாரு."

"இன்னாம்மா, எப்டி கீற?"

"நல்லா இருக்கேண்ணே. தம்பியும் நல்லா இருக்கான். இப்பதான் வெளிய விடறாங்க. முகமூடியோடதான். நீங்க?"

"நான் கீறேன். லிஸ்ட்ல கீறேன். அத்த வுடு. முத்தன இன்னா பண்ணாங்க?"

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. பிறகு உஸ்மா சொன்னாள். ஆஸ்பத்திரியில் இருந்தபோது மீதியைக் கேட்டாளாம். மொத்தமே நாற்பத்து மூன்று பாகம்தான் இருக்கிறது. கடைசிப் பாகத்தில் கேப்டன் முத்தனின் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, அவன் எதிரே உட்காருகிறாள். அதோடு சரி. எழுதிய பெண் அதற்குமேல் எதுவும் போடவில்லை. இரண்டு வருடமாகிறது.

"அப்டியே வுட்டுட்டாளா?"

"விட்டுட்டாங்க."

சாவியோவுக்குக் கோபம் வந்தது. பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போகிற டிரைவரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. கூடத்தில் இரண்டு முறை நடந்தார். பிறகு உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

"சரி, கேளு. ஒரு துண்டு ஐஸுதான? வழில கரஞ்சிபோச்சின்னு ஒரு சீட்டு எழுதி உள்ள வெச்சிடுவா அந்த பொம்பள. எந்த லோடுலதான் சேதாரம் இல்ல? அதுக்கோசரம் எவனயும் வெளிய தள்ளமாட்டாங்க."

"அவங்க அப்படிப் பொய் எழுதற ஆளில்லண்ணே. முப்பதாவது பாகத்துலயே தெளிவா சொல்லியிருக்காங்க."

"அது வரிசைல நின்ன எட்டாவது வருசம். இது பதினொண்ணு. நின்னு பாத்தவனுக்குத்தான் தெரியும்."

"சரி, எழுதிட்டாங்கன்னே வைங்க. அப்புறம்?"

"அப்பால ஒருநாள் கூப்புடுவாங்க. உள்ள போவாங்க, சரக்க எறக்குவாங்க. இருட்டறதுக்குள்ள அடுத்த லோடு ஏத்திகினு கெளம்பிடுவாங்க."

"பதினோரு வருஷம் நின்னுட்டு உடனே திரும்பறதா? அந்த ஊரைச் சுத்திக்கூடப் பாக்காம?"

"பாப்பாங்க, பாப்பாங்க. எறங்கி எல்லாரும் ஒரு டீ குடிப்பாங்க. அந்த முத்தன் கொயந்தைக்கு மட்டும் ரெண்டு டம்ளர் தண்ணி."

"எனக்கு ஒத்துவரலண்ணே. அந்தக் குழந்தை இறங்கவே பயப்படும். பொறந்ததுலேருந்து தரையே பாத்ததில்ல. அதை நீங்க யோசிக்கவே இல்ல."

சாவியோ யோசித்தார். அது நியாயமான கேள்விதான்.

"இரு," என்றார். "அதுக்கு ஒரு வழி பண்ணலாம்."

உள்ளேயிருந்து கிறிஸ்டினா சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் கையைக் காட்டி இருக்கச் சொன்னார். அவள் தட்டை மூடி வைத்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாசல்படி அருகே வந்து நின்றாள்.

"ஸ்பீக்கர்ல போடு," என்றாள்.