வெர்னாவின் முரட்டு விசை

கோர்டி இரண்டு மாதமாகக் கார் ஷெட்டில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடியும் கையுமாக, மனைவி வெர்னாவின் கைத்துப்பாக்கிக்கு வைத்தியம் பார்த்தான். பதினோரு வருடமாக அவள் விரலோடு மல்லுக்கு நின்ற விசை அது. இப்போது தொட்டாலே போதும் என்று ஆகிவிட்டது.

"வெண்ணெய், வெர்னா! வெண்ணெய்!" என்று அறுபத்திரண்டு வயதில் அவன் குதித்த குதியைப் பார்த்திருக்க வேண்டும்.

வெர்னாவும் கைதட்டினாள். மறுநாள் துப்பாக்கி கிளப் பயிற்சியில்தான் விஷயம் புரிந்தது. பழைய விசை இரண்டு இடத்தில் நரநரவென்று மாட்டும். இரண்டாவது தடவை மாட்டும்போது மூச்சைப் பிடித்துச் சுடுவது அவள் வழக்கம். புதியது எங்கேயும் மாட்டவில்லை. அவள் நினைப்பதற்கு முன்பே குண்டு கிளம்பி, பக்கத்து ஆளின் குறி அட்டையில் போய்த் துளை போட்டது. ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. ஆற்றுக்கு அக்கரைக்காரர்களை இவர்கள் கிளப் பன்னிரண்டு வருடமாக ஜெயித்ததில்லை. நாலு பேர் அணியில் கடைசியாகச் சுடுபவள் வெர்னா.

அவனிடம் உள்ளதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். ஆனால் வேலை பார்த்த காகித ஆலையை மூடியதிலிருந்து கோர்டி சோபாவே கதியென்று கிடந்தவன். டிவியோடு சண்டை போடுவதைத் தவிர அவனுக்கு வேறு வேலை இருக்கவில்லை. அவனை எழுப்பி உட்கார வைத்ததே இந்தத் துப்பாக்கிதான். திரும்ப அங்கே அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவன் உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போனான். வெர்னா ஷெட்டுக்குள் நுழைந்து, காபி டப்பாவில் கிடந்த பழைய பாகங்களைத் தேடி எடுத்து, ஒரு துண்டை விரித்து, எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிட்டாள். திருட்டு வேலை செய்தவளைப் போல அன்று ராத்திரி அவன் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டு எழுந்தாள்.

ஞாயிறன்று கிளப்பில் கோர்டி கண்டவரிடமெல்லாம் பெருமை பேசினான். யாராவது விசையைச் சரிசெய்தால், காலித் துப்பாக்கியை வாங்கி மற்றவர்களும் ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பது அங்கே வழக்கம். வெர்னா அதை மறந்தே போயிருந்தாள். லீராய், கோர்டியின் முப்பது வருடச் சிநேகிதன், குறிப்பலகைப் பக்கம் நீட்டி அமுக்கினான். அவன் முகம் கோணியது.

"ஏய் கோர்டி, இதுவாடா வெண்ணெய்? சேத்துல மாட்டுன லாரியை இழுக்குற மாதிரில்ல இருக்கு!"

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோர்டி துப்பாக்கியை வாங்கி ஒரே ஒரு தடவை அமுக்கினான். பிறகு வெர்னாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். அந்த நிமிடம் அவளுக்குப் போட்டியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று இருந்தது.

"உன் விரலுக்கு அப்படித்தான்டா இருக்கும்," என்றான் கோர்டி. "வழுவழுன்னு பண்ண எந்த மடையனாலயும் முடியும். வெர்னா விரலைத் தவிர வேற எவன் விரலுக்கும் மசியக் கூடாதுன்னு பண்ணியிருக்கேன். பின்ன எதுக்கு ரெண்டு மாசம்?"

வெர்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு போய்ச் சுட்டாள். ஆறு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள்.

திரும்பும் வழியில், பாதித் தூரத்தில் கோர்டி கேட்டான்:

"எப்ப மாத்துன?"

"வெள்ளிக்கிழமை. கோவமா?"

"கோவம் இருக்கட்டும். மாட்டிவிட்டது யாரு? லீராயா?"

"நான்தான்."

"நீயா? ஸ்பிரிங்கு பறக்கலையா?"

"ஒரு தடவை பறந்துச்சு. பீர் ஃபிரிட்ஜுக்கு அடியில படுத்து எடுத்தேன்."

"ஒரே தடவையா?" கோர்டி வண்டியை ஓரமாக நிறுத்தியே விட்டான். "எனக்கு ஒன்பது தடவைடி!"

இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். அவன் மூக்கைச் சிந்திக்கொண்டு மறுபடி வண்டியைக் கிளப்பினான்.

"நாளைக்குக் காலைல என் துப்பாக்கியைக் கழட்டுறோம். நீ வந்து ஸ்பிரிங்கைப் பிடி."