அசைந்தால் பதிவாகும்

என் தம்பியைக் கொன்றவனுக்கு எதிரான சாட்சி ஒரே ஒரு மெஷின்தான். அதுவும் கையில் தூக்க முடியாத மெஷின். எங்கள் லாரி ஷெட்டின் பதினாறு கேமராக்களும் எடுக்கிற படத்தைச் சேர்த்து வைக்கும் கம்ப்யூட்டர் அது. சர்வர் என்ற இரும்புப் பெட்டிக்குள் மென்பொருளாலேயே கட்டியது, விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். அதைப் பராமரிக்கிறவள் நான்.

தம்பி அதே ஷெட்டில் மெக்கானிக். பிரேக் பிடிக்காத லாரியை வெளியே விட மாட்டேன் என்று சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். முதலாளியின் மைத்துனன் ஜாக்கிக் கம்பியால் அவன் பின்மண்டையில் அடித்தான். வெளியே சொன்ன கதை வேறு. ஜாக்கி நழுவி லாரி இறங்கிவிட்டதாம், அந்த நொடியே உயிர் போய்விட்டதாம், ஆஸ்பத்திரிக்குத் தூக்க நேரமே இல்லையாம். முதலாளி வீட்டுக்கு வந்து என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

உண்மையைச் சொன்னவள் எடைமேடை அக்கா. லாரிகளுக்கு எடை போடும் அறையில் உட்காருகிறவள். கேமரா படம் தெரியும் திரை அவள் மேசையில்தான். நான்காம் நாள் சாயங்காலம் என்னைத் தனியாக இழுத்துப் போனாள். "பழசைப் போட்டுப் பார்த்தேன்டி. கம்பியாலதான் அடிச்சான். அதுக்கு மேல பார்க்க முடியல, அணைச்சுட்டேன். நீ பார்க்காத."

நான் பார்க்கவில்லை. மறுநாள் காலை வீட்டிலிருந்தே விசாரணை அதிகாரிக்குப் போன் செய்தேன். மூன்று மணிக்கு வருகிறேன் என்றார். அதுவரை அந்த மெஷின் உயிரோடு இருக்க வேண்டும். விஷயம் கசிந்தால் முதலாளியின் ஆட்கள் சர்வரைச் சும்மா விட மாட்டார்கள். கசியாமலும் இருக்காது, அது எனக்குத் தெரியும்.

படத்தை மட்டும் வெளியே எடுக்க முதலாளியின் பாஸ்வேர்டு வேண்டும். திரையைப் படம் பிடிக்கலாமென்றால், கைபேசியைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மெஷினை அணைத்தாலோ, அதே பாஸ்வேர்டு இல்லாமல் மறுபடி எழாது. ஆகவே ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை வேறு சர்வருக்கு மாற்றியாக வேண்டும். எடைமேடை அறையில் மேசைக்கடியில் பழைய சர்வர் ஒன்று கிடந்தது. இரண்டுக்கும் பொதுவான டிஸ்க் இருந்தால் கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்துவிடும். எனக்கேது அந்தக் கொடுப்பினை. டிஸ்க் முழுவதும், பிறகு மெமரி முழுவதும், முற்றத்தைத் தாண்டிப் போகும் ஒரே ஒரு பழைய ஒயரில் போய்ச் சேர வேண்டும். ஓடுகிற லாரியிலிருந்து பக்கத்தில் ஓடுகிற லாரிக்கு மூட்டை மாற்றுகிற மாதிரி. கடைசி மூட்டை ஏறுவதற்குள் முதல் லாரி கவிழ்ந்தால் அதுவரை மாற்றியதெல்லாம் குப்பை.

சர்வர் அறைக் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். பன்னிரண்டே முக்காலுக்கு டிஸ்க் போய்ச் சேர்ந்தது. மெமரிதான் வம்பு செய்தது. மீதி எவ்வளவு என்று காட்டும் எண் இறங்கியது, ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. யாராவது அசைந்தால்தான் அந்தக் கேமராக்கள் பதிவு செய்யும். சாப்பாட்டு நேரம், முற்றம் முழுக்க ஆட்கள். அவர்கள் நடக்க நடக்க மெமரியில் புதிது புதிதாக எழுதிக்கொண்டே இருந்தது, பழைய ஒயர் திணறியது. கேமராக்களைத் துண்டித்துவிடலாம் என்று கீபோர்டில் கை வைத்தேன். அதற்குள் கதவை உடைத்துவிட்டார்கள்.

மைத்துனனும் அவனுடைய இரண்டு அடியாட்களும். ஒருவன் மொட்டை, இன்னொருவன் நெட்டையன். முற்றத்து ஆட்களையெல்லாம் வெளியே துரத்திக் கேட்டைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்கள். மைத்துனன் கையில் கம்பி. முதல் அடி என் திரையில் விழுந்தது. இரண்டாவது கீபோர்டில், அதன் மேலிருந்த என் இடது கையோடு சேர்த்து. விரல் ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது.

"பெட்டி எங்கடி?"

சர்வர் இருந்த இரும்பு அலமாரியில் முதுகைக் கொடுத்து நின்றேன். "கண்ணு அவிஞ்சு போச்சா? என் பின்னாடிதான் இருக்கு. முடிஞ்சா எடு."

மொட்டை என் முடியைப் பிடித்து இழுத்தான். அவன் மணிக்கட்டில் பல்லை இறக்கினேன், ரத்தம் வாயில் கரிக்கும்வரை விடவில்லை. நெட்டையன் வயிற்றில் உதைத்தான். நாற்காலியைத் தூக்கி அவன் முழங்காலில் போட்டேன். பொய் சொல்வானேன், சந்தோஷமாக இருந்தது. நாலு நாளாக அழுததில் கிடைக்காத நிம்மதி அந்த ஒரு போடில் கிடைத்தது. கம்பி என் தோளில் இறங்கியது. தலை நிமிர்ந்தபோது கூரை மூலையில் கேமராவின் சிவப்புப் புள்ளி தெரிந்தது. அப்போதுதான் உறைத்தது. முற்றம் காலி. இப்போது அசைந்துகொண்டிருப்பது இந்த அறையில் நாங்கள் நான்கு பேர் மட்டும்தான். நான் மல்லுக்கட்டும்வரை மெஷின் இங்கிருந்து கிளம்பாது.

அடுத்த அடிக்கு விழுந்தேன். விழுந்தவள் அப்படியே கிடந்தேன், கண்ணைத் திறந்தபடி, வாயைக் கோணியபடி, மூச்சை அடக்கிக்கொண்டு. என் சுபாவத்துக்கு, அன்று வாங்கிய அடிகளைவிட அதுதான் வலித்தது.

"மண்டையிலயா பட்டுச்சு?" என்றான் மொட்டை.

"தோள்லதான் போட்டேன்," என்றான் மைத்துனன். அவன் குரல் இறங்கியிருந்தது.

"அசையலையே. இவளும் போயிட்டாளா?"

மூன்று பேரும் கல்லாய் நின்றார்கள். என் முகத்துக்கு நேரே அலமாரியின் கம்பிவலை. உள்ளே சர்வரின் பச்சை விளக்கு படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. என் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. போய்த் தொலையேன் என்று மனதுக்குள் அதை ஏசினேன். துடிப்பு மெதுவானது, பிறகு நின்றது. மெஷின் முற்றத்தைத் தாண்டிவிட்டது.

மூச்சை விட்டேன். "இப்ப உடைடா," என்றேன்.

உடைத்தான். பூட்டை, அலமாரியை, சர்வரை, என் விலா எலும்பை. டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக உருவிக் கம்பியால் நசுக்கினான். கை ஓய்ந்த பிறகு, ஜெயித்தவன் நடையில் வெளியே போனான். எடைமேடை அறையிலிருந்து ஓடி வந்த அக்கா என் விரல்களை ஒரு ஸ்கேலோடு சேர்த்துக் கட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். மூன்று மணி ஆகட்டும் என்றேன்.

அதிகாரி வந்தார். எடைமேடை அறையில் தம்பி செத்த நாளின் படத்தை ஓட விட்டார். அக்கா என்னை வெளியே கூப்பிட்டாள், நான் போகவில்லை. கம்பி இறங்கியது, தம்பி விழுந்தான். அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். படம் நிற்கவில்லை. தம்பியின் கை தரையைத் துழாவியது. முழங்காலை மடக்கி எழப் பார்த்தான், முடியவில்லை. முதலாளி வந்து குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நிறுத்திடவாம்மா?" என்றார் அதிகாரி.

"ஓடட்டும் சார்."

தம்பியின் அசைவு நிற்கும்வரை, பத்தொன்பது நிமிடம் ஓடியது. அவனுக்குப் பின்னால் எங்கள் லாரிகள் பதினொன்று வரிசையாக, சும்மா நின்றுகொண்டிருந்தன.