சூரியன் மேல் போட்ட பழி

1972 ஆகஸ்ட். போர்ட் பிளேரில் நாலு நாளாக விடாத மழை. அதனால்தான் வியாழக்கிழமை டெல்லியிலிருந்து வந்த தாளைப் படித்ததும் வயர்லெஸ் ஆபரேட்டர் ஜம்புலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. சூரியனில் பெரிய கரும்புள்ளிகள் தெரிகின்றன, வெடிப்பு வரலாம், பகலில் ரேடியோத் தொடர்பு அறுந்துபோகும், அவசரச் செய்திகளை முதலில் அனுப்பவும் என்று இருந்தது.

"சூரியனையே காணோம், இதுல வெடிக்குதாம்" என்று ஃபைலுக்குள் செருகிவிட்டார்.

மறுநாள் காலை எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டிலிருந்து படகில் நனைந்துகொண்டு மெஹர்பானு வந்தாள். அவள் கணவன் அப்துல் வஹாப் கொப்பரை வாங்கக் கார் நிகோபார் தீவுக்குப் போயிருந்தான்.

"சார், மாமிக்கு ரொம்ப முடியல. மகனையே கேட்டுக்கிட்டிருக்காங்க. இன்னிக்குச் சாயந்திரம் அங்கேருந்து கப்பல் கிளம்புது. அதுல ஏறி வரச் சொல்லணும். இத விட்டா பதினஞ்சு நாளாகும்."

"ஃபிக்கர் வேணாம்மா, கவலப்படாதீங்க. பன்னிரண்டு மணிக்கு அனுப்பிடறேன். பகுத் டைம் இருக்கு."

பத்து மணிக்கே கார் நிகோபாருடன் தொடர்பு கிடைத்தது. அரிசி, டீசல், சிமெண்டு என்று சர்க்கார் செய்திகளையே அனுப்பி முடித்தார். அவளுடையது இரண்டு வரிதான். நடுவில் சேர்த்திருக்கலாம்.

பன்னிரண்டுக்குச் சற்று முன் செட்டு ஊமையாயிற்று. வழக்கமான இரைச்சல்கூட இல்லை. வால்வு, ஏரியல் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அப்போதுதான் அந்தத் தாள் ஞாபகம் வந்தது. சாயங்காலம் வரை தொண்டை கட்டக் கூப்பிட்டார். பதில் இல்லை. கப்பல் வஹாப் இல்லாமலே கிளம்பியது.

சூரியனில் வெடிப்பு, செய்தி போகவில்லை என்று மெஹர்பானுவுக்குச் சொல்லியனுப்பினார். பாதி உண்மை.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் ரஹ்மத்துன்னிசா கண்ணை மூடினாள். துக்கம் விசாரிக்கப் போனவரிடம் மெஹர்பானு, "சூரியன் செஞ்சதுக்கு நீங்க என்ன சார் பண்ணுவீங்க?" என்றாள். அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வஹாப் திரும்பியதும் கப்பல்துறையிலேயே அவனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அவன் பெட்டியைக் கீழே வைத்தான்.

"பானுகிட்ட சொல்லிராதீங்க. சூரியன் செஞ்சதுன்னா யார் மேலயும் தப்பில்ல; மனுஷன் தப்புன்னு தெரிஞ்சா, தான் முந்தின நாளே வந்திருக்கணும்னு அவளும் தவிப்பா." பெட்டியைத் தூக்கிக்கொண்டான். "எங்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கலாம் சார்."

பிறகு வந்த எச்சரிக்கைகளில் பாதி பொய்த்துப்போயின. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நோய், சாவுச் செய்திகளையே ஜம்புலிங்கம் முதலில் அனுப்பினார். சர்க்கார் செய்தி தாமதமானதற்கு அதிகாரி திட்டும்போது தலைகுனிந்து நிற்பார்.