வெள்ளையம்மாவின் மரண அறிவித்தல்

இமெல்டா சொல்ல வேண்டியிருந்த பொய் மிகச் சின்னது. மூன்றே சொல். கை தவறிப் போச்சு. கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறியதிலிருந்து அதை வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தாள். புறக்கோட்டையில் பஸ் மாறியபோதும், காலி வீதியில் ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று போனபோதும் அது கரையவில்லை. வெள்ளவத்தையில் இறங்கும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது.

அவளுக்கு வேலை கொட்டாஞ்சேனையில் ஒரு தேயிலை ஸ்டோரில். தூள் அடைக்கும் பெண்களும் மூட்டை தூக்கும் ஆண்களுமாக இருநூற்றெழுபது பேர். யூனியன் செயலாளராகப் பதினொரு வருடம் இருந்துவிட்ட சந்திரகுமாரை எதிர்த்து இந்த முறை வெள்ளையம்மா நின்றாள். முப்பது வருடம் தூள் அடைத்தவள். என் தலையைத் தட்டினால் விழுகிற தூள் ஒரு கேத்தல் தேத்தண்ணிக்குக் காணும் என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்கிறவள்.

தேர்தல் அதிகாரியாக இரு தரப்பும் ஒப்புக்கொண்டது பாயிஸ் என்ற ஓய்வுபெற்ற தொழில் அலுவலரை. அவர் போட்ட ஒழுங்கு எளிமையானது. ஆளுக்கு ஒரு கூட்டம், ஒரே மண்டபம். யூனியனின் கடதாசியோ வாகனமோ தொலைபேசிப் பட்டியலோ பிரசாரத்துக்குத் தொடக்கூடாது. சந்திரகுமாரின் கூட்டம் நடந்து முடிந்தது. வெள்ளையம்மாவின் கூட்டம் போன ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணிக்கு.

ஸ்டோரில் ஒரு மரண உதவிச் சங்கம் உண்டு. அதன் வட்ஸ்அப் குழு இமெல்டாவின் போனில் இருந்தது. அதில் அவள் மட்டும்தான் எழுத முடியும். மற்றக் குழுக்களையெல்லாம் சத்தமில்லாமல் வைத்திருக்கிறவர்கள்கூட இதை அப்படி வைப்பதில்லை. அந்த மணி அடித்தால் தூள் அடைக்கும் கை நின்றுவிடும். ஆர் என்று பார்க்கும்வரை மூச்சும் வராது. யாராவது இறந்தால் அரை மணித்தியாலத்துக்குள் அறிவித்தல் போகவேண்டும், அன்றைக்கு யூனியன் வேலை எதுவும் நடக்கக்கூடாது, எல்லோரும் செத்த வீட்டுக்குப் போகவேண்டும். இதை யாரும் எழுதிவைக்கவில்லை. யாரும் மீறியதும் இல்லை.

இமெல்டாவுக்குப் போனில் தமிழ் அடிக்க நேரம் எடுக்கும். அதனால் செய்தி கொண்டுவருகிற ஆளிடமே போனைக் கொடுத்துவிடுவாள். செத்த செய்தியோடு வருகிறவனிடம் ஆர், எப்படி என்று குடையக்கூடாது. அது மரியாதை இல்லை.

அந்த ஞாயிறு மத்தியானம் அவள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் றேமண்ட் வாசலில் வந்து நின்றான். முகம் கறுத்துப்போயிருந்தது.

"அக்கா, போனைத் தாங்க. ஒரு மரணம்."

கையெல்லாம் செதில். ஃப்ரிட்ஜின் மேலே இருந்த போனை நாடியால் காட்டினாள். திறக்கும் இலக்கத்தையும் சொன்னாள். கை கழுவிவிட்டு வந்தபோது போன் இருந்த இடத்திலேயே இருந்தது. றேமண்ட் போய்விட்டான்.

எடுத்துப் பார்த்தாள். கறுப்புக் கரை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் வெள்ளையம்மாவின் படம். இன்று காலை மாரடைப்பால் காலமானார். பூதவுடல் ஹெந்தளை இல்லத்தில்.

இமெல்டாவும் நம்பினாள். அதுதான் பிறகு அவளை மிகவும் அரித்தது. அழுதுகொண்டே மாலை வாங்கிக்கொண்டு ஹெந்தளைக்குப் போனாள். அங்கே வாசல் நிறைய ஆட்கள். வெள்ளையம்மாவின் புருஷன் ராமையா சாரத்தோடு படியில் உட்கார்ந்திருந்தார். ஒரு மணிக்குத்தான் மனைவியைக் கூட்டத்துக்கு வழியனுப்பிவிட்டு வந்து படுத்தவர். ஆனாலும் அத்தனை மாலைகளைப் பார்த்ததும் அவரும் நம்பிவிட்டார்.  மஸ்கெலியாவிலிருந்து உறவுக்காரர் வான் பிடித்து, ஒப்பாரியோடு அவிசாவளை வரைக்கும் வந்து, உண்மை தெரிந்து திரும்பிப் போனார்கள்.

அதே நேரம் வெள்ளையம்மா கொட்டாஞ்சேனை மண்டபத்தில் நூற்றிருபது கதிரைகளுக்கு முன்னால் நின்றாள். பேசுவதற்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாதென்று போனை அணைத்திருந்தாள். வட்ஸ்அப் இல்லாத ஐந்து பேர் மட்டும் வந்திருந்தார்கள். ஐந்து மணிக்கு மண்டபக்காரன் விளக்கை அணைத்தான்.

அன்று பின்னேரமே சந்திரகுமார் இமெல்டாவை அழைத்து, அறிவித்தலை அழிக்கச் சொன்னார். அடுத்த நாள் யூனியன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு கடதாசியைக் காட்டினார். நிரந்தரமாக்கப்பட வேண்டியவர்களின் பெயர்கள், ஏழு பேர். நாலாவது இமெல்டா. ஒன்பது வருடமாக அவள் மேன்பவர் கொம்பனியின் ஆள். எந்த நாளும் நாளைக்கு வராதே என்று சொல்லிவிடலாம்.

"ஞாயிறு வெள்ளவத்தையில பாயிஸ் சேர் வீட்டில விசாரணை, தங்கச்சி. கை தவறிப் போச்சு எண்டு சொல்லுங்கோ. வேற ஒண்டும் கதைக்க வேண்டாம்."

பக்கத்தில் நின்ற றேமண்ட் சிரித்த முகத்தோடு கேட்டான். "மகள் டியூஷன் முடிஞ்சு ஆறரைக்குத்தானே வாறவ? அந்த ஒழுங்கையில லைட் ஒண்டும் எரியிறல்ல என்ன."

வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பயத்துக்கு ஒரு எல்லையாவது இருந்திருக்கும். அந்தக் கிழமை முழுவதும் ஆறரைக்கு இமெல்டா ஒழுங்கை முனையில் போய் நின்றாள்.

பாயிஸின் வீடு ரயில் பாதையை ஒட்டிய தொடர்மாடியில், இரண்டாம் தட்டு. ஜன்னலுக்கு வெளியே தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். சந்திரகுமாரும் றேமண்டும் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளையம்மா தனியாக ஒரு மூலைக் கதிரையில், மடியில் கைப்பையோடு இருந்தாள். பாயிஸ் மெலிந்த மனிதர். ஒரு கேள்விக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நெடுநேரம் பேசாமல் இருப்பார். ஏதும் சொல்லவேண்டிய ஆட்களுக்கு அந்த மௌனம் தாங்காது.

பால் விடாத பிளேன்டி வந்தது. வெள்ளையம்மா கோப்பையை மூக்கருகே கொண்டுபோனாள்.

"இது நம்ம ஸ்டோர் தூள் இல்லீங்களே சேர்."

"கடையில வாங்கினது," என்றார் பாயிஸ்.

"செத்த பெறகும் மூக்கு வேல செய்யுது," என்றாள் வெள்ளையம்மா.

றேமண்ட் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

சந்திரகுமார் தொண்டையைச் செருமினார். "சேர், இதில பெரிசா கதைக்க ஒண்டுமில்லை. அறிவித்தல் போட்டது இமெல்டா தங்கச்சி. ஒரு தவறு நடந்திட்டுது. அவவே சொல்லுவா."

பாயிஸ் இமெல்டாவின் பக்கம் திரும்பினார். "போன் ஒங்கடதா?"

"ஓம் சேர்."

"அதுலருந்து போன அறிவித்தல்தானா இது?"

"ஓம் சேர்."

ஒரு ரயில் வந்தது. கோப்பைகள் தட்டுகளில் மெல்ல அதிர்ந்தன. அது போய் முடியும்வரை ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்கவே கூடாது என்று இமெல்டா வேண்டிக்கொண்டாள். நின்றுவிட்டது.

"எப்படி நடந்த?"

"கை தவறிப் போச்சு, சேர்."

சொல்லிவிட்டாள். ஒரு கிழமையாக உருட்டியது வெளியே விழுந்துவிட்டது. சந்திரகுமார் கதிரையில் சாய்ந்தார். பாயிஸ் எழுதினார். எழுதிவிட்டுப் பேனையை வைத்தார். நெடுநேரம் கடலைப் பார்த்தார்.

"சரி. கை தவறி வெள்ளையம்மாட பேர் விழுந்திட்டு. அப்ப அந்த அறிவித்தல் வேற ஒரு ஆளுக்குப் போட வந்தது. அண்டைக்கி மவுத்தானது யாரு?"

இமெல்டா கோப்பையைக் கையில் எடுத்தாள். 

இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. சந்திரகுமாரும் யோசித்திருக்கவில்லை. பொய்க்கு ஒரு பிணம் வேண்டியிருந்தது. அவள் ஒரு பெயரைத் தேடினாள். ஸ்டோரில் உள்ள ஒவ்வொரு முகமாக வந்தது, எல்லோரும் உயிரோடு வந்தார்கள். தராசுக்காரன் மஷூர், லேபல் ஒட்டும் துஷ்யந்தி, துஷ்யந்தியின் படுக்கையில் கிடக்கும் தாய். ஆறு வருடத்தில் நாற்பத்தொரு அறிவித்தல் அவள் போனிலிருந்து போயிருக்கிறது. அதில் ஒன்றுகூட அவளாகப் படைத்த மரணம் இல்லை. இப்போது வாயால் ஒரு பெயரைச் சொன்னால், அந்த ஆளின் வாசலில் தானே மாலையோடு போய் நிற்பதுபோல அவளுக்குத் தோன்றியது.

"சொல்லுங்க அக்கா," என்றான் றேமண்ட் மெதுவாக. "ஆரோ ஒரு ஆள். துஷ்யந்தி அக்காட அம்மா எண்டு நினைச்சு…"

"அவ இருக்கிறா," என்றாள் இமெல்டா.

"அதுதான், பிழையான செய்தி எண்டு…"

"அவ இருக்கிறா, தம்பி. நேத்து நான் கஞ்சி குடுத்தனான்."

 கோப்பையைக் கீழே வைத்தாள். ஒழுங்கை முனையும் எரியாத விளக்கும் ஒரு கணம் கண்ணுக்குள் வந்து போயின. தன் குரல் வேறு யாரோ பேசுவதுபோலக் கேட்டது.

"அண்டைக்கு ஒருத்தரும் சாகேல்ல சேர். றேமண்ட் தம்பி வந்து மரணம் எண்டு சொல்லிப் போனைக் கேட்டவர். நான் குடுத்தனான். ஆரெண்டு கேக்கேல்ல. கை தவறினது எண்டது பொய்."

 சந்திரகுமார் சட்டைப்பையிலிருந்து அந்த ஏழு பெயர்க் கடதாசியை வெளியே எடுத்தார், பார்த்தார், இன்னொரு தரம் மடித்து மறுபடி வைத்தார். இமெல்டா அதைக் கண்டாள். அவள் காணவேண்டுமென்றுதான் அது செய்யப்பட்டது.

பாயிஸ் ஒரு பக்கம் எழுதி வாசித்தார். வெள்ளையம்மாவுக்கு அடுத்த ஞாயிறு கூட்டம். வாக்கெடுப்பு ஒரு கிழமை பின்னுக்கு. றேமண்ட் இனிச் சந்திரகுமாரின் பிரசாரத்தில் நிற்கக்கூடாது. இன்றைக்கே அதே குழுவில் திருத்தம் போகவேண்டும்.

"ஒங்கட கையாலேயே அடிச்சு அனுப்புங்க," என்றார் இமெல்டாவிடம்.

கீழே றேமண்ட் மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தான். "கவனமாப் போங்க அக்கா," என்றான். குரலில் கோபமே இல்லை. "மகள் தனியத்தானே இருப்பா."

பஸ்ஸில் வெள்ளையம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பம்பலப்பிட்டி தாண்டியது. பிறகு வெள்ளையம்மா கேட்டாள்.

"அதுல என்னதான் எழுதியிருந்துச்சு? நான் பாக்கறதுக்குள்ள அழிச்சிட்டீங்க."

குழுவில் அழித்தாலும் போனின் படங்களுக்குள் அது இன்னும் கிடந்தது. இமெல்டா எடுத்துக் காட்டினாள். வெள்ளையம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் மரணத்தை மேலிருந்து கீழ் வரை வாசித்தாள்.

"அறுபத்திரெண்டு வயசுன்னு போட்டிருக்கான் படுபாவி. எனக்கு அம்பத்தாறுதான் புள்ள."

"மன்னிச்சிருங்க அக்கா."

வெள்ளையம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "இத அழிச்சிடாத," என்றாள் பிறகு. "வர்ற ஞாயித்துக்கெழம கூட்டத்துல மொதல்ல இதத்தான் வாசிக்கப் போறேன்."

அப்படியென்றால் இன்னும் ஏழு நாளைக்கு இது தன் போனில் இருக்கும்.  ஆனாலும் இமெல்டா திருத்தத்தை அடிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். கொள்ளுப்பிட்டியில் தொடங்கியது புறக்கோட்டையில்தான் முடிந்தது. போன ஞாயிறு போன அறிவித்தல் பொய். வெள்ளையம்மா உயிரோடு இருக்கிறா. கூட்டம் வாற ஞாயிறு மூன்று மணிக்கு. கீழே தன் பெயரையும் போட்டாள். அதைப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

பஸ்ஸால் இறங்கி நின்று அனுப்பினாள். ஆர் ஆர் பார்த்தார்கள் என்று தொட்டுப் பார்த்தாள். முதல் பெயர் றேமண்ட்.

உடனே மகளுக்கு எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்தாவது மணியில் மகள் எடுத்தாள்.

"என்ன அம்மா, படிச்சுக்கொண்டிருக்கன்."

"ஒண்டுமில்ல. கதவு பூட்டியிருக்கா? போய்ப் பார். பாத்திட்டுச் சொல்லு."

அவள் போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை இமெல்டா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் நிலையத்தில் ஹெந்தளை பஸ் புறப்படத் தயாராக நின்றது. கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தான். வெள்ளையம்மா ஒருமுறை அதைப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனை பஸ்ஸின் பக்கம் நடந்தாள்.

"வா," என்றாள். "ஒன்னய வீட்டுல விட்டுட்டுப் போறேன்."