தனக்குத் தானே போட்ட கையெழுத்து

ஆஸ்பத்திரியின் மின்னஞ்சல்கள் போய்வரும் மெயில் சர்வருக்குத் தன் கையாலேயே சான்றிதழ் எழுதிக் கொடுத்த மறுநாள் காலையிலிருந்து, அதைப் பராமரிக்கும் மெயில்காரரை அவருடைய மகளுக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் மாறவில்லை, மீசைகூட அப்படியேதான் இருந்தது. பல் துலக்கிக்கொண்டிருந்த குழந்தை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யாரோ வந்திருப்பதாகச் சமையலறையில் போய்ச் சொன்னது.

இது இன்னாருடைய சர்வர்தான் என்று, விசாரித்துப் பார்த்து, வெளியிலிருக்கும் ஒரு நிறுவனம் உறுதி சொல்ல வேண்டும். அதுதான் முறை. அதற்கு நிர்வாகத்தின் பின்னால் அலைய வேண்டும், கெடு முடியுமுன் புதுப்பிக்க வேண்டும். என் சர்வரை எனக்குத் தெரியாதா என்று மெயில்காரர் குறுக்கு வழியில் போனார். இந்தச் சான்றிதழை நம்ப முடியாது என்று திரையில் எச்சரிக்கை வருகிறதே என்று கேட்ட டாக்டர்களிடம், பேசாமல் 'தொடர்க' என்பதை அமுக்கச் சொன்னார். அவர்களும் பழகிப்போய் எது வந்தாலும் அமுக்கினார்கள். ஒருநாள் போலி சர்வர் ஒன்று நடுவில் புகுந்து, நோயாளிகளின் ரிப்போர்ட்டுகளை வாரிக்கொண்டு போயிற்று. அதன் பிறகுதான் முறையான சான்றிதழ் வாங்கி, அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படியும் செய்தார். சர்வர் தேறிவிட்டது. மகள் விஷயம்தான் தேறவில்லை.

அவர்தான் அப்பா என்று அக்கம்பக்கத்தார் சொல்லிப் பார்த்தார்கள். அவரே அழாக்குறையாகச் சொன்னார். மகள் அம்மாவைத் தவிர யாரையும் நம்பவில்லை. தினமும் காலையில் மனைவி அவரைக் காட்டி, "இவர்தான்டி உங்கப்பா" என்பாள். உடனே மகள் மடியில் ஏறிக்கொள்வாள். தூங்கி எழுந்தால் அது செல்லாது. சண்டை போட்ட நாட்களில் மட்டும் மனைவி டீ குடித்து முடிக்கும்வரை அவரைக் காக்கவைத்தாள். மகள் வேலைக்குப் போய் அடுத்த தெருவில் தனியாகக் குடியேறிய பிறகும், மனைவி அவரைத் தினமும் கூடவே நடத்திக் கூட்டிப்போய்ச் சொன்னாள். பாவம், ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை.

பிறகு மனைவி படுத்த படுக்கையாகி, இறந்துபோனாள். அடக்கம் முடிந்த மறுநாள் காலை மெயில்காரர் தனியாக மகள் வீட்டுக் கதவைத் தட்டினார். இனி தனக்கு யாரும் இல்லை என்றே நினைத்தார். தன்னைப் பற்றித் தானே சொல்லிப் பயனில்லை என்பதால் வாயைத் திறக்காமல் நின்றார். அழுது வீங்கிய கண்களோடு மகள் கதவைத் திறந்தாள்.

"உங்களை எனக்குத் தெரியல," என்றாள். "ஆனா காலையில தெரியாத ஆள் ஒருத்தர் வந்து, யாருன்னு சொல்லாம நின்னா, அவர்தான் அப்பான்னு அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க. உள்ள வாங்கப்பா."

இன்றும் அவர் காலையில் போய்க் கதவைத் தட்டிவிட்டுப் பேசாமல் நிற்கிறார். தெரியாத ஆளைப் பார்த்ததும் அவள் நகர்ந்து வழிவிடுகிறாள்.