இருவரும் ஒரே நபரா?

என் அக்காவின் கணவருக்கும் எனக்கும் ஆரம்பத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நின்றாலும் போய் ஓட வைத்துவிடுவார். வீட்டில் மட்டும் ஒரு விஷயத்தைத் தொட்டால் அதை உருப்படியாக விட்டதாகச் சரித்திரமே கிடையாது. அக்கா இருந்தவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவள் போய் மூன்று வருடமாகிறது. இனிமேல் யாருக்காகக் கடிப்பது?

ஒரு திங்கட்கிழமை என் பார்லர் கடையில் ஒரு அம்மாவுக்குத் தலைக்கு டை பூசிக்கொண்டிருந்தேன். போனில் ஒரு செய்தி வந்தது. குடும்பப் படங்கள், வீடியோக்கள் எல்லாவற்றையும் மாமா ஒரு புதுத் தளத்துக்கு மாற்றிவிட்டாராம். பழையதில் இடம் நிறைந்துவிட்டது, அந்தக் கணக்கை மூடியாகிவிட்டது, இனி எல்லாம் இங்கேதான், சேர்ந்துகொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். கையுறையைக் கழற்றிவிட்டுத் திறந்தேன். மேலே வரிசையாக வட்ட வட்டமாக முகங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பெயர். அப்பா. குட்டி. பெரியப்பா. 'அம்மா' என்று எழுதியிருந்த வட்டத்துக்குள் நான் இருந்தேன்.

நானும் அக்காவும் இரட்டைப் பிறவிகள். எனக்குச் சற்று முன்னால் பிறந்துவிட்டாள், அந்தச் சற்று நேரத்துக்காக ஆயுசு முழுக்க என்னை அதட்டினாள். முன்பின் தெரியாதவர்கள் குழம்பினால் அது நியாயம். ஆனால் அந்தப் படத்தில் எனக்குப் பின்னால் தெரிந்தது இந்தப் புதுக் கடையின் கண்ணாடி. அக்கா இறந்த பிறகுதான் நான் பழைய இடத்தைக் காலி செய்துவிட்டு இங்கே வந்தேன். தன் பெண்டாட்டி காலே வைக்காத இடத்தில் அவளை நிற்க வைத்திருக்கிறார் மனுஷன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டை பூசிக்கொள்ள வந்த அம்மா கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனார். "என்னம்மா, என் தலைல ஏதாவது ஆயிடுச்சா?"

"உங்க தலைக்கு ஒண்ணுமில்ல. எங்க மாமா தலைக்குத்தான் இன்னைக்கு இருக்கு."

சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு நேரே அங்கே போனேன். லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. ஒவ்வொரு மாடி ஏறும்போதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று கூடிக்கொண்டே போனது. கதவு திறந்துதான் இருந்தது. மாமா தரையில் போர்வை விரித்துக் குட்டியின் பள்ளிச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். குட்டி அவர்களுடைய ஒரே மகள், ஏழு வயது. அவளுக்குச் சரியான பெயர் இருக்கிறது, யாரும் கூப்பிடுவதில்லை.

"உள்ள வா," என்றார், தலையைத் தூக்காமல்.

"வந்துட்டேன். இது என்ன மாமா கூத்து?" என்று போனை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

பார்த்தார். சட்டையைத் திருப்பிப் போட்டுக் காலரைத் தேய்த்தார். "அது கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு படத்தப் பக்கத்துல பக்கத்துல வச்சு, இருவரும் ஒரே நபரான்னு. ஆமான்னு அமுக்கிட்டேன்."

"அது மெஷின், அதுக்குத் தெரியாது. உங்களுக்குமா தெரியல? கட்டின பொண்டாட்டிக்கும் மச்சினிக்கும் வித்தியாசம் தெரியாமலா இத்தன வருஷம் குடும்பம் நடத்துனீங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிதான் கேட்டேன். அவருக்கு உறைத்த மாதிரியே தெரியவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "இருந்துட்டுப் போகட்டும், விடு," என்றார்.

"எப்படி விடுறது? நான் இன்னும் உசுரோட இருக்கேன்."

"அதுல நீ கைய வைக்காத. அவ்வளவுதான் சொல்வேன்."

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து குட்டி ஓடி வந்தாள். என் கையைப் பிடித்து ஃப்ரிட்ஜ் பக்கம் இழுத்துப்போனாள். அந்தக் கதவில், அதே படம், அச்சடித்து ஒட்டியிருந்தது. கடை ஏப்ரன் போட்டுக்கொண்டு இடுப்பில் கை வைத்து நான் சிரிக்கிறேன்.

"சித்தி, அம்மா படம். ஸ்கூலுக்குக் கொண்டு போய்க் காட்டினேன். டீச்சர் ரொம்ப அழகுன்னாங்க."

"குட்டி, இது நான். சித்தி. நல்லாப் பாரு."

அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இல்ல. அப்பா டேப்லெட்ல அம்மான்னு பேர் போட்டிருக்கு."

அம்மா போகும்போது இவளுக்கு நாலு வயது. நாலு வயதில் மனதில் என்ன முகம் தங்கும்? இனி இவளுக்கு அம்மா என்றால் படம்தான். அந்தப் படத்திலும் என்னைக் கொண்டுபோய் வைத்துவிட்டால், வளர்ந்து பெரியவளாகி, கண்ணை மூடி அம்மாவை நினைக்கும்போதெல்லாம் என் மூஞ்சிதான் வந்து நிற்கும். அக்கா இரண்டாவது தடவையும் செத்துப்போவாள். இதைத்தான் அந்த மனுஷன் இருந்துட்டுப் போகட்டும் என்கிறார்.

"பிரிச்சுக் காட்டுறேன்," என்றேன் மாமாவிடம். "ஒண்ணு விடாமப் பிரிக்கிறேன். நீங்க தேய்ங்க."

அந்த ஆல்பத்தில் சேர்த்த எல்லோரும் எதையும் மாற்றலாம் என்று இருந்தது. மறுநாளிலிருந்து கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அதே வேலை. படத்தைத் திறப்பேன். பெரிதாக்கிக் காதைப் பார்ப்பேன். அக்காவுக்குக் காதில் இரண்டு துளை, எனக்கு ஒன்று. ஒன்று என்றால் 'இவர் வேறு நபர்' என்பதை அமுக்கி என் பெயரைப் போடுவேன். முடி காதை மறைத்திருந்தால் வேறு ஏதாவது பார்ப்பேன், நகம், வளையல், நிற்கிற விதம். மற்றவர்களுக்குத்தான் நாங்கள் ஒரே அச்சு. எனக்கு எதிலும் குழப்பம் வரவில்லை. ஒவ்வொன்றாக அமுக்கும்போது மாமாவின் கன்னத்தில் ஒன்று விடுகிற திருப்தி இருந்தது.

இரண்டு நாள் அந்தத் திருப்தி ஓடியது. மூன்றாவது நாள் எனக்கே என்னவோ போல் ஆகிவிட்டது. நான். அடுத்தது, நான். அடுத்தது முதுகு, அதுவும் நான். என் பெயருக்குக் கீழே குவிந்துகொண்டே போகிறது, 'அம்மா' வட்டம் இளைத்துக்கொண்டே வருகிறது.

எங்கள் தொழில் அப்படி. நாங்கள் இருவரும் நடத்திய பழைய கடையில் தலைமுடி வேலையெல்லாம் அக்காதான், கை வைத்தால் எலிவால் முடிகூட ஆளைத் திரும்பிப் பார்க்க வைக்கும். நான் புருவம் திருத்துவது, கல்லாவைப் பார்ப்பது. புதுசாக ஒரு கொண்டையோ பின்னலோ தோன்றினால் என்னைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து என் தலையில்தான் போட்டுப் பார்ப்பாள். போட்டுவிட்டு முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று படம் எடுப்பாள். அதைத்தான் வாடிக்கையாளர்களிடம் காட்டுவோம். வீட்டிலும் அதே பழக்கம். எங்கே போனாலும் போன் அவள் கையில். "எல்லாரும் நெருங்கி நில்லுங்க," என்பாள். நாங்கள் நெருங்கி நிற்போம்.

இவை கடைப் படங்கள், வீட்டுப் படங்கள் பின்னால் வரும் என்று நினைத்தேன். வீட்டுப் படங்கள் வந்தன. குட்டி பிறந்தது, தவழ்ந்தது, மாமா தூங்கியது, நான் குட்டியைத் தூக்கி வைத்திருந்தது. ஆத்திரத்தில் ஆரம்பித்த வேலையைப் பாதியில் விடவும் மனம் வரவில்லை. அடுத்த படத்தில் அக்கா வந்துவிடுவாள், அடுத்ததில் வந்துவிடுவாள் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

கடைசியில் மிஞ்சியதைக் கீழே தள்ளிப் பார்க்க வேண்டிய தேவைகூட இல்லை, ஒரே திரையில் அடங்கிவிட்டது. கல்யாணத்தில் யாருடைய தோளுக்கோ பின்னால் பாதி முகம். அடையாள அட்டைக்கு எடுத்த, அவளுக்கே பிடிக்காத படம். கண்ணாடியைப் பார்த்து எடுத்தது ஒன்று, அதில் போன் வாயையும் மூக்கையும் மறைத்திருந்தது. ஆஸ்பத்திரியில் முகக்கவசத்தோடு ஒன்று. இன்னும் சில, எல்லாம் ஓரத்தில்.

இருக்கவே இருக்காது, மாற்றும்போது எங்கோ தொலைத்திருப்பார்கள் என்று அந்தத் தளத்தின் உதவிப் பக்கத்துக்கு எழுதினேன். ஒரு நொடியில் பதில் வந்தது. எல்லாப் படங்களும் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டனவாம், என் நினைவுகள் அவர்களுக்குப் பொக்கிஷமாம். பொக்கிஷமாம். போனை டவல் கூடைக்குள் விட்டெறிந்தேன்.

சனிக்கிழமை கடையில் கூட்டம். ஒரு பெண்ணுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தபோது மாமா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பின்னால் குட்டி, டேப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

"சந்தோஷமா இப்ப?" என்றார்.

"மெதுவாப் பேசுங்க. ஆளுங்க இருக்காங்க."

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா நீ? காதுல அந்த ரெண்டாவது ஓட்டை போட அவளக் கூட்டிட்டுப் போனதே நான்தான். தெரிஞ்சுதான் அமுக்கினேன்."

புருவம் திருத்துகிற நூலைக் கீழே வைத்தேன். புருவத்தில் பாதியோடு அந்தப் பெண் கண்ணைத் திறந்துவிட்டாள்.

"மொதல்ல சரியாத்தான் பிரிச்சு வச்சேன்," என்றார். "இவ வந்து பாத்தா. கீழ தள்ளிப் பாத்தா, ஒண்ணும் வரல. அம்மா இவ்ளோதானாப்பான்னு கேட்டா. நான் என்ன சொல்லட்டும்? அதுக்கப்புறம்தான் ஒரே ஆளுன்னு அமுக்கினேன். ஒரு வாரம் சிரிச்சுக்கிட்டு இருந்தா. நீ வந்து புடுங்கிட்ட."

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. புரிந்ததனால் கோபம் இன்னும் ஏறியது. "அதுக்கு என்னைப் போட்டு ரொப்பிடுவீங்களா? நீங்க எடுத்திருக்கலாமே. பக்கத்துலயே இருந்தீங்களே, ஒரு தடவ அவ கையிலேர்ந்து போனை வாங்கி, நீ போய் நில்லுன்னு சொல்லியிருப்பீங்களா?"

"நீ சொன்னியா?"

காத்திருந்தவர்கள் பத்திரிகையைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்தார்கள். எனக்கு வாயில் வந்ததெல்லாம் அசிங்கமான வார்த்தைகள், குழந்தை முன்னால் சொல்ல முடியாதவை.

"உன்னைத்தான் கேக்கணுமாம் அவளுக்கு," என்றார் மாமா. "பதில் சொல்லு." கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய் நடைபாதையில் நின்றார்.

அந்தப் பெண்ணை மன்னித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் குட்டியைப் பின்னறைக்குக் கூட்டிப்போனேன். தலை கழுவுகிற நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். என்னைக் கட்டிக்கொள்ளவில்லை.

"எங்கம்மாவ ஏன் எடுத்துக்கிட்ட?"

"எடுத்துக்கல குட்டி. அதெல்லாம் நான். சித்தி."

"அப்பா எனக்குக் குடுத்தாரு. நீ எடுத்துட்ட. உனக்குத்தான் இத்தன கண்ணாடி இருக்கே, எல்லாத்துலயும் உன் மூஞ்சிதானே தெரியுது. பத்தாதா உனக்கு?"

அக்கா மேல்தான் கோபம் வந்தது. எங்களையெல்லாம் இப்படிச் சேர்த்து வைத்துவிட்டு, தன்னை மட்டும் வெளியே நிறுத்திக்கொண்டாளே என்று. டேப்பை வாங்கி என் வட்டத்தைத் திறந்தேன். எதைத் தேடுகிறேன் என்று தெரியாமலே தள்ளிக்கொண்டு போனதில் கை பட்டு ஒரு வீடியோ ஓட ஆரம்பித்தது.

பழைய கடை. நாற்காலியில் நான், தலையில் பெரிய கொண்டை. போன் என்னைச் சுற்றி மெதுவாக வருகிறது. "ஆடாத. ஆடாதடி குரங்கே, தலைய நேரா வை," என்று குரல் கேட்டது.

குட்டி எட்டிப் பார்த்தாள். "நீதான் பேசுற."

"நான் பேசல. என் வாயப் பாரு." "ஹேர்பின் கவ்விக்கிட்டு இருக்கேன் பாரு. உதடு அசையுதா?"

டேப்பை என்னிடமிருந்து வாங்கி முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டாள். போன் என் முதுகுப் பக்கம் போனது, திரும்பவும் முன்னால் வந்தது. என் வாய் மூடியே இருந்தது. "குட்டி, சீப்பை வாய்ல வைக்காத," என்றது குரல். "கீழ போடு. அம்மா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்." வீடியோ முடிந்தது.

குட்டி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. முதலிலிருந்து ஓட விட்டாள். உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை ஓட விட்டாள். அந்தத் தடவை உள்ளங்கையை விரித்து, திரையில் இருந்த என் முகத்தை மூடிக்கொண்டு அந்தக் குரலை மட்டும் கேட்டாள்.