அம்மாவுக்காக விட்ட வேலை

வளைகுடா விமான நிறுவனம் ஒன்று என்னைத் தேர்வுக்கு அழைத்ததும் மலேசியாவின் ஈப்போவில் எங்கள் சிலிபின் வட்டாரம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பத்து வருடமாக விமானம் ஓட்டுகிறவனுக்குத் தேர்வு ஒரு பொருட்டா என்ற திமிர். விமானி அறை போலவே அமைத்த பயிற்சிக் கூண்டில் உட்காரவைத்து, தரையிறங்கும் நேரத்தில் ஓர் எஞ்சினை அணைத்தார்கள். கை உறைந்துவிட்டது. ஓடுபாதையை விட்டுப் புல்லில் இறக்கினேன். நல்லவேளை, நிஜ விமானம் இல்லை. மறுநாளே வேண்டாமென்று மின்னஞ்சல் வந்தது.

ஈப்போ திரும்பியதும் எப்போது கிளம்புகிறாய் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அம்மாவை விட்டுப் போக மனமில்லை, நான்தான் மறுத்துவிட்டேன் என்றேன். அம்மா வீரம்மா, ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் சீவியவர். இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பறக்காத நாட்களில் நான்தான் கூட்டிப் போவேன். பொய் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்திவிட்டது.

அன்னையர் தினத்தன்று கோவில் தலைவர் பிச்சைமுத்து அண்ணன் என்னை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார். தாய்க்காக வெளிநாட்டு வாழ்வையே உதறிய பிள்ளை என்றார். நானும் வெட்கமில்லாமல் கும்பிட்டேன். முன்வரிசையில் அம்மா தலைகுனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தேன், முட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தால் வாசலில் அம்மாவின் துணிப்பை. தஞ்சோங் மாலிமில் இருக்கும் என் தங்கை விமலா வீட்டுக்குப் போகப் போகிறாராம்.

"அங்க டயாலிசிஸ் சென்டர்ல எடம் கெடச்சிருச்சிப்பா. இங்க உள்ளத வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லிட்டேன். அந்த வேலையத் திரும்பக் கேளு. இனிமே நீ போலாம்லா."

விமலா வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. யாரைக் கேட்டு முடிவெடுத்தாய் என்று கத்தினேன். அப்போதுகூட எனக்குக் கத்தத்தான் தெரிந்தது.

அம்மா கோபப்படவில்லை. "மேடையில அவரு சொன்னப்ப எனக்குச் செத்துறலாம் போல இருந்துச்சிய்யா. எம்புள்ள பொழப்ப நானே கெடுத்துட்டேனேன்னு."

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. "நான் வேணாம்னு சொல்லலம்மா. தேர்வுல தோத்துட்டேன். அவங்கதான் என்னய வேணாம்னாங்க."

அறை விழும் என்று நின்றேன். அம்மா என்னையே பார்த்தார்.

"அப்ப என்னால இல்லையா?"

"இல்லம்மா."

அம்மா சிரித்துவிட்டார். எத்தனையோ மாதமாக நான் பார்க்காத சிரிப்பு. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உடனே சென்டருக்கு ஓடினோம். அம்மாவின் இடத்தை முதல் நாளே இன்னொரு நோயாளிக்குக் கொடுத்துவிட்டார்களாம். அடுத்து எப்போது காலியாகும் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

மறுநாள் தஞ்சோங் மாலிமில், படிக்குப் படி நின்று மூச்சு வாங்கி அம்மா மூன்று மாடி ஏறினார். முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினேன். தலையை நிமிர்த்த முடியவில்லை.